உலகம்மாளுக்கு ஒரு சின்னக் கார்

மூளையை விலைக்கு விற்கிற கடை ஒன்று இருந்து, அதில் ஆடித் தள்ளுபடியும் போட்டிருந்தால்கூட, ‘எங்களுக்கு வேண்டாம், வீட்டில் நிறைய இருக்கிறது’ என்று சொல்லித் திரும்பி வரக்கூடிய மூன்று பேர் பாளையங்கோட்டையில் இருந்தார்கள். மூத்தவர் சங்கரநயினார், நடுவுள்ளவர் ஆவுடையப்பன், கடைக்குட்டி குற்றாலம். கடைக்குட்டிக்கே நாற்பத்திரண்டு வயது.

மூவரும் சேர்ந்து ஒரு ஜெராக்ஸ் கடை நடத்தினார்கள். அந்தத் தொழிலே அவர்களுக்காகத்தான் உண்டானது போல. கொடுத்த தாளில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எடுத்துத் தர வேண்டும், கூடக் குறைய யோசிக்கக் கூடாது. காதில் விழுகிற பேச்சையும் அவர்கள் அப்படித்தான் எடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் சங்கரநயினாருக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், “கலந்து பேசிட்டு லெட்டர் போடுதோம்” என்று சொல்லி அனுப்பினார்கள். இன்றைக்கும் தபால்காரரைக் கண்டால் அவர் எழுந்து நிற்கிறார். அண்ணனுக்கு லெட்டர் வராமல் தம்பிகளுக்குப் பெண் பார்ப்பது முறையில்லை என்று மற்ற இருவரும் காத்திருக்கிறார்கள்.

மூவரில் சங்கரநயினார்தான் புத்திசாலி. இதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

இவர்களைப் பெற்ற புண்ணியவதி உலகம்மாள். வயது எழுபத்திரண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கத்து நாற்காலியில் அதே முப்பது வருஷம் இருந்தவள் எஸ்தர். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்து வைத்த இரண்டு பேருக்கும் போனில் பேசுவது மட்டும் பிடிக்காது. அது வேலை பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். அதனால் புதன்கிழமை தோறும் எஸ்தர் பஸ் ஏறி உலகம்மாள் வீட்டுக்கு வருவாள், இருவரும் இருட்டுகிற வரைக்கும் பேசித் தீர்ப்பார்கள்.

அந்த எஸ்தர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆகிப் படுக்கையில் கிடக்கிறாள். மூன்று மாதமாகப் பேச ஆளில்லை, சிரிக்கவும் இல்லை என்று எஸ்தரின் மகள் சொன்னாள். உலகம்மாளுக்கோ முழங்கால் வலி, ஆட்டோவில் கால் தூக்கி வைக்க முடியாது. ஒரே ஒரு தடவை வாடகைக் கார் பிடித்தார்கள். அது லாரிக்குத் தம்பி மாதிரி உயரம். மூன்று மகன்களும் நெல் மூட்டை ஏற்றுவது போல அம்மாவை ஏற்றினார்கள். போகிற வழியில் டீக்கு ஒரு தடவை நிறுத்தினார்கள், வடைக்கு ஒரு தடவை நிறுத்தினார்கள், வடை ஆறிப்போயிருந்ததால் வேறு கடை பார்த்து நிறுத்தினார்கள். போய்ச் சேரும்போது எஸ்தர் மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டாள்.

அன்றைக்குத் திரும்பி வருகையில் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் சங்கரநயினாருக்குத் தாங்கியிருக்கும். அவள் பேசாமல் இருந்தது அவர் வயிற்றில் கல்லாகக் கிடந்தது. எப்பாடு பட்டாவது அம்மாவை எஸ்தர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவர் சங்கல்பம் செய்துகொண்டார்.

ஒருநாள் காலையில் தன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தபடி உலகம்மாள் மூவரையும் கூப்பிட்டாள்.

“ஏல, காதைக் குடுத்துக் கேளுங்க. ஒரு சின்னக் கார் வாங்கணும். குற்றாலம் ஓட்டட்டும். இந்த நாற்காலில உக்காருத மாதிரி அதுல நான் உக்காரணும். வண்டி நம்ம முடுக்குச் சந்துக்குள்ள நுழைஞ்சு வாசலுக்கு வரணும், தெரு முக்கு வரைக்கும் என்னால நடக்க முடியாது. நான் உக்காந்து பாக்காம வாங்கிராதீங்க. கடைசியா ஒண்ணு. என்னை ஏத்துனா எஸ்தர் வீட்டு வாசல்லதான் நிறுத்தணும். நடுவுல எங்கயும் நிறுத்தப்படாது.”

“சரிம்மா” என்றார் சங்கரநயினார். நாலு நிபந்தனை, விரலுக்கு ஒன்றாக மடக்கிக்கொண்டார். மறந்துவிடக் கூடாது என்று அன்று முழுக்க அந்த விரல்களை விரிக்கவே இல்லை. சாப்பாட்டைத் தம்பி ஊட்டிவிட்டார்.

மறுநாள் மூவரும் பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் கார்க் கடைக்குக் கிளம்பினார்கள். பஸ்ஸில் நல்ல கூட்டம். நாற்காலியை நடுவில் போட்டுவிட்டு மூவரும் சுற்றி நின்றார்கள். அலுத்துப்போன ஒரு அம்மாள் அதில் உட்காரப் போனாள்.

“அதுல உக்காரப்படாது. அது எங்கம்மை நாற்காலி” என்றார் ஆவுடையப்பன்.

“உங்கம்மை எங்க?”

“வீட்டுல தரையில உக்காந்திருக்கா.”

கார்க் கடையில் அவர்களை வரவேற்றவர் பீர் முகம்மது. இருபது வருஷமாகக் கார் விற்கிறவர், பொறுமைக்குப் பேர் போனவர்.

“வாங்க அண்ணாச்சி. யாருக்கு வண்டி?”

“எங்கம்மைக்கு.”

“அம்மா வரலியா?”

“நாற்காலி வந்திருக்கு” என்றார் சங்கரநயினார்.

பீர் முகம்மது நாற்காலியைப் பார்த்தார், மூவரையும் பார்த்தார், பிறகு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கெட்டிக்காரர். டேப் எடுத்து நாற்காலியின் உயரத்தை அளந்தார். மூலையில் நின்ற ஒரு சின்ன வெள்ளைக் காரின் கதவைத் திறந்து சீட்டின் உயரத்தை அளந்தார். இரண்டும் ஒன்று. “முழங்கால் வலிக்காரங்களுக்குன்னே செஞ்ச மாதிரி வண்டி. ஏறவும் வேண்டாம், குனியவும் வேண்டாம். அப்படியே உக்காந்து காலை உள்ள எடுத்து வச்சாப் போதும்” என்றார்.

வேறு யாராக இருந்தாலும் கதை இங்கே முடிந்திருக்கும். சங்கரநயினார் தலையை ஆட்டினார்.

“உசரம் ஒண்ணா இருக்கணும்னு அம்மை சொல்லலியே. நாற்காலில உக்காருத மாதிரி உக்காரணும்னுதான சொன்னா. நாற்காலி உள்ள இருந்தாத்தான அது நடக்கும்.”

பீர் முகம்மது வாயைத் திறப்பதற்குள் மூவரும் நாற்காலியைப் பின்கதவு வழியாகத் திணித்துவிட்டார்கள். மூன்று கால் உள்ளே போனது. நாலாவது கால் போகவில்லை. சரி வெளியே எடுப்போம் என்றால் உள்ளே போன மூன்றும் வரவில்லை. அங்கேயே நின்று ஆலோசனை நடந்தது.

“ஒரு காலை அறுத்துட்டா வந்துரும்” என்றார் குற்றாலம்.

“அம்மைக்கே கால் சரியில்ல. நாற்காலிக்கும் கால் இல்லைன்னா எப்படி?” என்றார் ஆவுடையப்பன்.

சங்கரநயினார் தீர்ப்புச் சொன்னார். “நாற்காலி நம்முது. கார் இன்னும் யாருதும் இல்ல. யாருதும் இல்லாததை அறுத்தா யாருக்கும் நட்டமில்ல. கதவை அறுப்போம்.”

பீர் முகம்மது பாய்ந்து வந்து, சீட்டை மடக்கி, டிக்கியைத் திறந்து, முழங்கையில் தோல் உரிய நாற்காலியைப் பின்பக்கமாக உருவி எடுத்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “அம்மா ஒரு தடவை வந்து உக்காந்து பாத்துட்டா நல்லது” என்றார்.

“அங்கதான சிக்கல்” என்றார் சங்கரநயினார். “அம்மை உக்காந்து பாக்காம வாங்கப்படாது. உக்காந்து பாக்கணும்னா இங்க வரணும். இங்க வரணும்னா கார் வேணும்.”

“கார் வேணும்னா வாங்கணும்” என்றார் ஆவுடையப்பன்.

“வாங்கணும்னா உக்காந்து பாக்கணும்” என்றார் குற்றாலம்.

கோயிலைச் சுற்றுவது போல மூவரும் இதை நாலு சுற்று சுற்றினார்கள். நடுவில் நின்ற பீர் முகம்மதுக்குக் கிறுகிறுத்தது.

“நானே வண்டியை உங்க வீட்டுக்குக் கொண்டாறேன்” என்றார்.

இப்படியும் ஒரு மனுஷனுக்குத் தோன்றுமா என்று சங்கரநயினார் அவரை மரியாதையோடு பார்த்தார். தனக்குச் சமமாக ஒருவரை அவர் மதித்தது அதுதான் முதல் தடவை.

“ஆனா எங்க முடுக்குல நுழையணுமே. ரெண்டு எருமை எதிரும் புதிருமா வந்தா ஒண்ணு பின்வாங்கணும், அவ்வளவுதான் அகலம்.”

பீர் முகம்மது ஒரு தாளைக் கொடுத்தார். “வண்டியோட நீளம், அகலம், கண்ணாடி எவ்வளவு நீட்டிக்கிட்டு இருக்கும், எல்லாம் இதுல இருக்கு. உங்க முடுக்கை ஒரு தடவை பாத்துட்டுப் போன் பண்ணுங்க.”

டேப்பை எடுத்து முடுக்கின் அகலத்தை அளந்தால் அரை நிமிஷ வேலை. ஆனால் அம்மா சொன்னது வண்டி நுழைந்து வர வேண்டும் என்று. டேப் நுழைந்து வந்தால் அம்மா ஏறிப் போக முடியுமா? இதை யோசித்துக் கண்டுபிடித்தவர் சங்கரநயினார். பந்தல்காரரிடம் மூங்கில் வாங்கி வந்து, தாளில் உள்ள அளவுக்கு ஒரு நூல் பிசகாமல் மூன்று நாளில் ஒரு மூங்கில் கார் கட்டினார்கள். தாளில் கதவைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை. அதனால் கதவு வைக்கவில்லை.

மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு மூவரும் உள்ளே நின்று முடுக்குக்குள் நுழைந்தார்கள். மூத்தவர் என்ற முறையில் சங்கரநயினார் முன்னால் நின்று ஒரு சல்லடையைப் பிடித்துத் திருப்பினார். ஆவுடையப்பன் இரண்டு கையையும் அளவாக நீட்டிக் கண்ணாடியாக வந்தார். குற்றாலம் வாயால் ஹாரன் அடித்தார்.

பாதி தூரத்தில் எதிரே காஸ் சிலிண்டர்க்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஒதுங்க இடமில்லை. “அண்ணாச்சி, கொஞ்சம் மேல தூக்குங்க. நான் குனிஞ்சு போயிருதேன்” என்றார்.

“காரை எப்படி வே தூக்க முடியும்?” என்று கேட்டார் சங்கரநயினார். “நீரு படிச்ச ஆளுதான?”

குற்றாலம் “வரலாம், வரலாம்” என்று சொல்லச் சொல்ல, மூங்கில் கார் முக்கு வரைக்கும் பின்னாலேயே போய் அவருக்கு வழிவிட்டது. மறுபடி நுழைந்தபோது மின்கம்பத்தில் ஆவுடையப்பனின் கை இடித்தது. “கண்ணாடியை மடக்குலே” என்றார் அண்ணன். ஆவுடையப்பன் கையை மடக்கினார். இரண்டு விரல் இடைவெளியில் கார் தாண்டிவிட்டது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை மூங்கிலுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

“உக்கார எப்படிம்மா இருக்கு?”

“என் நாற்காலிக்கு என்ன கேடு, சுகமாத்தான் இருக்கு. கார் எங்கலே?”

“அது கடையில நிக்கி. இது அதோட ஜெராக்ஸ்” என்றார் சங்கரநயினார்.

உலகம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் கார் முடுக்கில் நுழையும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. “புதன்கிழமை கொண்டாரச் சொல்லு. அப்படியே எஸ்தரையும் பாத்துட்டு வந்துருவோம்” என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து சங்கரநயினார் அப்போதே பீர் முகம்மதுக்குப் போன் போட்டார்.

புதன்கிழமை மத்தியானமே உலகம்மாள் சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டாள். இடுப்புக்கு நல்லது என்று உளுந்தங்களி கிண்டித் தூக்குச்சட்டியில் அடைத்து வைத்தாள். ‘இன்னைக்காவது வாறாளா’ என்று எஸ்தர் காலையிலிருந்து மூன்று தடவை மகளைப் போன் பண்ண வைத்துவிட்டாள்.

நாலு மணிக்கு வெள்ளைக் கார் வந்தது. அளவு எடுத்தது வீண் போகவில்லை. பக்கக் கண்ணாடியை மடக்கிக்கொண்டு மின்கம்பத்தை இரண்டு விரல் இடைவெளியில் தாண்டி வாசலில் வந்து நின்றது. மூவரும் கை தட்டினார்கள். பீர் முகம்மது சிரித்தபடி கதவைத் திறந்தார். கதவு சுவரில் இடித்தது. அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். அது அந்தப் பக்கச் சுவரில் இடித்தது. நாலு கதவும் அப்படித்தான். உள்ளே இருந்தவரால் வெளியே வர முடியவில்லை, வெளியே இருந்தவர்களால் உள்ளே போக முடியவில்லை.

“கதவு இருக்கும்னு தாள்ல போடலியே” என்றார் ஆவுடையப்பன், குறைப்பட்டுக்கொண்டு.

பீர் முகம்மது சன்னல் கண்ணாடியை இறக்கினார். “அம்மா, நான் வண்டியைப் பின்னால எடுத்து முக்குக்குப் போய் நிக்கேன். அங்க வந்து ஏறிக்கிடுதீங்களா?”

உலகம்மாள் முக்கைப் பார்த்தாள், தன் முழங்காலைப் பார்த்தாள். நூறு அடி இருக்கும். தூக்குச்சட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். “எஸ்தர்கிட்ட வரலைன்னு சொல்லிரு” என்றாள்.

சங்கரநயினாருக்கு வயிற்றில் அந்தப் பழைய கல் மறுபடி வந்து விழுந்தது. அந்தக் கனத்தில்தான் அவருக்கு யோசனை பிறந்தது. கார் அப்பால் போனதும் மூங்கில் காரைக் கொண்டுவரச் சொன்னார். நாற்காலியை அதில் கயிற்றால் கட்டினார். அம்மாவை உட்கார வைத்து, மடியில் தூக்குச்சட்டியைக் கொடுத்து, மூவருமாகத் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். பூஞ்சை உடம்புக்காரி, கனமே இல்லை.

முக்கில் பீர் முகம்மது முன்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மூங்கில் கார் அவரைத் தாண்டிப் போனது.

“அண்ணாச்சி, நில்லுங்க. இங்கதான் ஏறணும்.”

“அம்மை ஏறியாச்சே” என்றார் சங்கரநயினார், நடந்தபடியே. “எஸ்தர் பெரியம்மா வீட்டு வாசல்லதான் நிறுத்தணும். நடுவுல நிறுத்தப்படாதுன்னு சொல்லியிருக்கா.”

பீர் முகம்மது கூடவே ஓடினார். “அம்மா, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லப்படாதா?”

உலகம்மாள் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு அப்புறம் முகத்தில் காற்று அடித்தது. கடைத்தெரு முழுக்கக் கண்ணுக்குக் கீழே தெரிந்தது, பூக்காரி எழுந்து நின்று பார்த்தாள். “இவனுக நிக்க மாட்டானுக. நீங்க பின்னால வாங்க” என்று சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. போகவும் கூடாது, நிற்கவும் கூடாது. மூவரும் பச்சை விழுகிற வரைக்கும் ஒரே இடத்தில் கால் மாற்றி மாற்றி நடந்துகொண்டிருந்தார்கள். போக்குவரத்துக் காவலர் விசில் வாயில் இருக்க ஊத மறந்து நின்றார். மேலே குலுங்கிக் குலுங்கி உலகம்மாளின் மடியிலிருந்த களி வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது.

எஸ்தரின் கட்டில் தெருச் சன்னலை ஒட்டிக் கிடந்தது. முதலில் அவள் சாமி ஊர்வலம் வருகிறது என்று நினைத்தாள். அப்புறம் சுங்குடிச் சேலையைப் பார்த்தாள், மூன்று மாங்காய் மடையர்களைப் பார்த்தாள், பின்னால் ஆளில்லாத சீட்டுகளோடு ஊர்ந்து வந்த புதுக் காரைப் பார்த்தாள்.

“ஏட்டி உலகம்” என்றவள் அதற்கு மேல் பேச முடியாமல் சிரித்தாள். “இடுப்பு வலிக்குட்டி, என்னைச் சிரிக்க வைக்காத” என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் மகள் அடுக்களையிலிருந்து ஓடி வந்து, சிரிக்கிறது அம்மாதானா என்று பார்த்துவிட்டு அழுதாள். தோழிகள் இருவரும் இருட்டுகிற வரைக்கும் பேசினார்கள். வாசலில் தோளைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த சங்கரநயினாருக்கு வயிற்றுக் கல் கரைந்துபோனது.

அடுத்த நாளே அந்தக் காரை வாங்கிவிட்டார்கள். பீர் முகம்மதுக்கு மனசு கேட்கவில்லை.

“அம்மா இதுல உக்காரவே இல்லியே அண்ணாச்சி. எதுக்கு வாங்குதீங்க?”

“கார் வாங்குனாத்தான் எஸ்தரைப் பாக்க முடியும்னு அம்மை சொல்லியிருக்கா” என்றார் சங்கரநயினார். “அம்மை சொல்லுதது என்னைக்கும் தப்பாது. பாருங்க, வாங்குததுக்கு முன்னாலயே உக்காந்து பாத்துட்டா.”

அதிலிருந்து புதன்கிழமை தோறும் முன்னால் மூங்கில் கார் போகும். பெரியவர்கள் இருவரும் தூக்குவார்கள். பின்னால் குற்றாலம் வெள்ளைக் காரைக் காலியாக ஓட்டி வருவார், தேவையான இடத்தில் ஹாரன் அடிப்பார். மூங்கில் காருக்கு ஹாரன் கிடையாதே. முக்கிலேயே காருக்கு மாறிக்கொள்ளலாம் என்று உலகம்மாள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஏறின பிறகு நடுவில் நிறுத்தக் கூடாது என்று முதலில் சொன்னவளும் அவள்தான், முதலில் சொன்னதுதான் மூலப் பிரதி.

மூன்றாவது புதன்கிழமை சிக்னலில் சிவப்பு நெடுநேரம் நின்றது. கால் மாற்றி நடந்து நடந்து இருவருக்கும் தோள் கடுத்தது. மூங்கில் காரைக் கீழே இறக்கி வைத்தார்கள்.

“நிறுத்தப்படாதுல்லா?” என்றார் ஆவுடையப்பன்.

“நிறுத்தலியே. எறக்கித்தான வச்சிருக்கோம்” என்றார் சங்கரநயினார். தோளுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம் என்று இருவரும் பின்னால் நின்ற காரில் ஏறி உட்கார்ந்தார்கள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. பச்சை விழுந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். குற்றாலம் மூங்கில் காரைச் சுற்றிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார். அம்மாவை விட்டுவிட்டு வந்தது பாதி வழியில் சங்கரநயினாருக்கு நினைவு வந்தது. ஆனால் என்ன செய்ய, எஸ்தர் வீட்டு வாசல் வரைக்கும் நிறுத்தக் கூடாது.

“உலகம் எங்கலே?” என்று சன்னலிலிருந்து கேட்டாள் எஸ்தர்.

“சிக்னல்ல இருக்கா பெரியம்மா.”

“கூறுகெட்டவனுகளா, போய் அவளைக் கொண்டாங்கலே.”

மூவரும் காரைத் திருப்பிக்கொண்டு பறந்தார்கள். நாலு ரோடு நடுவில் உலகம்மாள் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். வண்டியை எடுக்கச் சொன்ன காவலரிடம், “டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கான், வந்துருவான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் இறங்கி, அவசரம் என்பதால் மூன்று பேருமாகத் தோள் கொடுத்து, ஒரே ஓட்டமாக மூங்கில் காரை எஸ்தர் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள்.

எஸ்தர் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏல, கார் எங்க?”

“சிக்னல்ல நிக்கி” என்றார் சங்கரநயினார். “நீங்க அம்மையைத்தான கொண்டாரச் சொன்னீங்க.”

“ஐயோ, நடு ரோட்டுலயா? யாராவது இடிச்சிரப்போறான். மொதல்ல அதைப் போய்க் கொண்டாங்க, ஓடுங்க.”

பெரியம்மா பதறியதைக் கண்டு மூவரும் சட்டென்று மூங்கிலைத் தோளில் தூக்கிக்கொண்டு சிக்னலைப் பார்த்து ஓடினார்கள். தூக்குச்சட்டி மட்டும்தான் வாசலில் இறங்கியிருந்தது. உலகம்மாள் இன்னும் இறங்கவில்லை.